சாவியைத் திருப்பும் முன்: ஜேசிபி, ஹிட்டாச்சி காலைச் சோதனையில் நடக்கும் தவறுகள்

பல சைட்டுகளில் காலைச் சோதனை இப்படித்தான் நடக்கிறது. ஆபரேட்டர் ஏறி உட்கார்ந்து வண்டியை ஸ்டார்ட் செய்கிறார். இன்ஜின் சூடாகட்டும் என்று இறங்கி, டீ கிளாஸோடு ஒரு சுற்று வருகிறார். செக்லிஸ்ட்டில் எல்லாக் கட்டத்திலும் டிக் விழுகிறது.

சுற்றி வந்ததில் தப்பில்லை. ஸ்டார்ட் செய்துவிட்டுச் சுற்றியதுதான் தப்பு. பார்க்க வேண்டியவற்றில் முக்கால்வாசி, இரவு முழுக்க நின்று ஆறிய வண்டியில்தான் சரியாகத் தெரியும். சாவி திரும்பியதும் இன்ஜின் ஆயில், அடியில் அது தங்கும் சம்ப்பை விட்டு மேலே போய்விடும். டீசலின் அடியில் இரவெல்லாம் தங்கிய தண்ணீர் கலங்கிவிடும். நிழலுக்காகவோ மழைக்காகவோ வண்டிக்கடியில் யாராவது படுத்திருந்தால், அதைப் பார்க்கும் நேரமும் கடந்திருக்கும்.

நம் ஊரில் முன்னால் பெரிய பக்கெட், பின்னால் தோண்டும் கை இருந்தால் எந்தக் கம்பெனி தயாரித்தாலும் அது ஜேசிபி. செயினில் ஓடும் எக்ஸ்கவேட்டர் எல்லாம் ஹிட்டாச்சி. இங்கேயும் அந்தப் பொருளில்தான் சொல்கிறோம்.

ஆயிலும் தண்ணீரும்

ஆயில் மட்டம் காட்டும் டிப் ஸ்டிக்கைச் சரிவில் நிற்கும் வண்டியில் பார்ப்பது முதல் தவறு. இன்ஜினை நிறுத்திய கையோடு பார்ப்பது அடுத்தது. ஆயில் கீழே இறங்கப் பத்துப் பதினைந்து நிமிடமாவது வேண்டும். அதற்குள் பார்த்தால் குறைவாகக் காட்டும், நாமும் அரை லிட்டர் கூடுதலாக ஊற்றிவிடுவோம். மேல் கோட்டைத் தாண்டினால் உள்ளே சுழலும் கிராங்க் தண்டு ஆயிலை அடித்து நுரையாக்கும். மட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு ஸ்டிக்கைத் திரும்பச் செருகுபவர்களே அதிகம். நிறத்தையும் பாருங்கள். பால் கலந்த காபி போலிருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. யாரும் ஊற்றாமலேயே மட்டம் ஏறியிருந்தால் டீசலோ கூலண்ட்டோ உள்ளே இறங்குகிறது. இரண்டிலும் அன்று வண்டியை எடுக்கக்கூடாது.

ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்கக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் மதியம் பதினொன்றரைக்கு டெம்பரேச்சர் முள் ஏறியதும் துணியைச் சுற்றித் திறக்கிறார்கள். உள்ளே இருப்பது அழுத்தத்தில் அடைபட்ட தண்ணீர். நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் காத்திருக்கும். மூடி தளர்ந்த நொடியில் முகத்துக்குப் பாய்கிறது. அந்த மூடியைக் காலையில், கை வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும்போது திறந்து பார்த்திருந்தால் மதியம் அந்த வேலையே வந்திருக்காது. குறைந்ததை போர் தண்ணீர் ஊற்றி நிரப்புவதும் ஒரு பழக்கமாகிவிட்டது. உப்புத் தண்ணீர் உள்ளே படிவு கட்டும், கூலண்ட்டின் துரு தடுக்கும் சக்தியும் நீர்த்துப்போகும். கலந்த கூலண்ட் ஒரு கேன் வண்டியோடு இருப்பது நல்லது.

டீசல் ஃபில்டருக்குக் கீழே இருக்கும் தண்ணீர் பிரிக்கும் கிண்ணத்தின் திருகையும் ஸ்டார்ட் செய்யும் முன்தான் திறக்க வேண்டும். சுத்தமான டீசல் வரும்வரை விட்டு மூடினால் போதும், ஒரு நிமிட வேலை. டீசலை மிக அதிக அழுத்தத்தில் பீய்ச்சும் காமன் ரெயில் இன்ஜினில் இதை விட்டால் இன்ஜெக்டர் செலவு வந்து நிற்கும்.

ஹைட்ராலிக்: அதிகம் தவறுவது இங்கேதான்

ஹைட்ராலிக் டேங்கில் ஆயில் மட்டம் காட்டும் கண்ணாடியை எப்படி நிற்கும் வண்டியிலும் பார்க்கலாம் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. சிலிண்டர் நீளும்போது ஒரு பக்கம் நிறைய ஆயில் உள்ளே போகிறது. ராடு (சிலிண்டரிலிருந்து நீளும் தண்டு) இருக்கும் பக்கத்திலிருந்து வெளியே வருவது அதைவிடக் குறைவு, ஏனென்றால் அங்கே ராடே இடத்தை அடைத்திருக்கிறது. அதனால் சிலிண்டர்கள் நீண்டு நிற்கும்போது டேங்கில் மட்டம் இறங்கியிருக்கும். அதைப் பார்த்துப் பதறி ஒரு கேன் ஊற்றினால், சிலிண்டர்கள் மடங்கியதும் டேங்க் மூச்சு விடும் துளையான பிரீதர் வழியாக ஆயில் வழியும். வழிந்ததைக் கண்டு 'லீக்' என்று மெக்கானிக்கைக் கூப்பிட்ட கதைகளும் உண்டு. பூம் (வண்டியோடு சேர்ந்த பெரிய கை), ஆர்ம் (அதன் நுனியில் உள்ள கை), பக்கெட் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று வண்டியின் புத்தகத்தில் படமே போட்டிருக்கும். பெரும்பாலும் டேங்கின் பக்கத்தில் ஸ்டிக்கராகவும் இருக்கும். ஜேசிபியில் பொதுவாக முன் பக்கெட் தரையில், பின் கை ரோட்டில் ஓட்டும்போது இருப்பதுபோல் மடங்கி.

ஹோஸில் ஈரம் தெரிந்தால் எங்கிருந்து வருகிறது என்று கையால் தடவிப் பார்ப்பது உயிரோடு விளையாடுவது. ஜேசிபி ஹைட்ராலிக்கில் அழுத்தம் 200 பாருக்கு மேல், பெரிய எக்ஸ்கவேட்டரில் 300 பாருக்கு மேல். கார் டயரில் இருப்பது சுமார் 2 பார். ஊசி முனையளவு ஓட்டையிலிருந்து வரும் அந்தத் தாரை கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கலாம். கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போய்விடும். முதலில் முள் குத்திய மாதிரி ஒரு புள்ளிதான், வலியும் பெரிதாக இருக்காது. சில மணி நேரத்தில் கை வீங்கி, தசை அழுக ஆரம்பிக்கும். தாமதமானால் விரலையோ கையையோ எடுக்க வேண்டி வரும். தாரை தோலைத் துளைத்துவிட்டால் வலி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போய், 'அழுத்தத்தில் ஹைட்ராலிக் ஆயில் உள்ளே போயிருக்கிறது' என்று அந்த வார்த்தையிலேயே சொல்ல வேண்டும். சின்னக் காயம் என்று கட்டுப் போட்டு அனுப்பிவிடும் அபாயம் அப்போதுதான் குறையும்.

லீக்கைத் தேட ஓர் அட்டைத் துண்டு போதும். ஹோஸுக்கு எதிரே பிடித்து நகர்த்தினால் ஈரம் அதில் விழும். இன்ஜினை நிறுத்திவிட்டால் அழுத்தம் போய்விட்டது என்றும் எண்ண வேண்டாம். பக்கெட்டைத் தரையில் இறக்கி, இன்ஜினை நிறுத்தி, புத்தகத்தில் சொல்லியபடி லீவர்களை எல்லாப் பக்கமும் ஆட்டிய பிறகே ஸ்பேனர் வைக்க வேண்டும். காலைச் சோதனையில் ஹோஸின் மேல் ரப்பர் தேய்ந்து உள்ளே இருக்கும் கம்பிப் பின்னல் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அது இன்றைக்கு மாற்ற வேண்டிய ஹோஸ். இன்சுலேஷன் டேப் சுற்றி ஒரு வாரம் ஓட்டுவது வேலைக்காகாது.

தூசியும் கிரீஸும்

ஏர் ஃபில்டரைத் தினமும் கழற்றித் தட்டுபவர் ரொம்பப் பொறுப்பானவர் என்று பெயர் வாங்குகிறார். உண்மையில் இன்ஜினுக்கு அவர் கெடுதல் செய்கிறார். கழற்றும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தூசி சுத்தமான பக்கத்துக்குப் போகிறது. டயரில் தட்டும்போது ஓரம் நசுங்கி சீல் உட்காராமல் போகிறது. தினமும் செய்ய வேண்டியது, ஃபில்டர் கூட்டின் அடியில் தொங்கும் ரப்பர் வால்வை அமுக்கித் தூசியைக் கொட்டுவது, அடைப்பு காட்டும் இண்டிகேட்டர் சிவப்பாக இருக்கிறதா என்று பார்ப்பது, அவ்வளவுதான். சிவப்பானால் வெளி ஃபில்டரை மட்டும் கழற்றி, உள்ளிருந்து வெளிப்பக்கமாக 30 பிஎஸ்ஐ-க்கு மிகாமல் காற்று அடிக்கலாம். லாரி டயருக்கு அடிக்கும் காற்றை அப்படியே திருப்பினால் காகிதம் கிழியும், கிழிந்தது கண்ணுக்கும் தெரியாது. உள் ஃபில்டரைச் சுத்தம் செய்யவே கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

கிரீஸ் அடிப்பதில், கிரீஸ் ஏறும் வாயான நிப்பிளைத் துடைக்காமல் கிரீஸ் கன்னை மாட்டினால் மணலைத்தான் மூட்டின் புஷ்ஷுக்குள் தள்ளுகிறோம். பழைய கறுப்பு கிரீஸ் ஓரத்தில் பிதுங்கும்வரை அடிக்க வேண்டும். நிப்பிளிலேயே வெளியே பீய்ச்சினால் வழி அடைத்திருக்கிறது. 'அடித்தாச்சு' என்று நகர்ந்தால் அந்த மூட்டின் பின் (இணைப்புக் கம்பி) காய்ந்துதான் ஓடும்.

சேறு ஒட்டிய வண்டியில் சோதனை செய்ததாகச் சொல்வதை நம்ப வேண்டாம். பூமின் அடி, பக்கெட்டில் பின் மாட்டும் காது, ஜேசிபியில் பின் கை திரும்பும் கிங் போஸ்ட், இங்கேதான் விரிசல் விடும். பெயின்ட்டில் மயிரிழை போலத் துருக்கோடு ஓடினால் அடியில் இரும்பு பிளந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். வீல் நட்டுக்குக் கீழே துரு வடிந்த கோடும் அதே மாதிரி ஒரு தடயம்: நட்டு தளர்ந்திருக்கிறது. பக்கெட் பல்லைப் பிடித்திருக்கும் பின் கழன்று போயிருந்தால் அன்று சாயங்காலத்துக்குள் பல்லும் போகும். கல் குவாரியாக இருந்தால் அது நேராக கிரஷரில் போய் விழும்.

பக்கெட்டைச் சட்டென்று மாற்ற உதவும் குயிக் கப்ளர் மாட்டிய ஹிட்டாச்சியில் பக்கெட் மாட்டியதும் சேஃப்டி பின்னைக் கண்ணால் பார்க்காமல் தூக்குவது ஆளைக் கொல்லும் தவறு. பக்கெட்டைத் தரையில் அழுத்தி, இழுத்துப் பார்த்து, இறங்கிப் போய்ப் பின்னைப் பார்க்க வேண்டும். செயின் டென்ஷன் (இறுக்கம்) பார்க்கும்போது, அதை இறுக்கும் கிரீஸின் வால்வை ஒரு சுற்றுக்கு மேல் தளர்த்தக் கூடாது, அதற்கு நேரே முகத்தையும் வைக்கக் கூடாது.

சாவி திரும்பிய பிறகு

சாவியை 'ஆன்' செய்ததும் எச்சரிக்கை விளக்குகள் ஒரு முறை எரிய வேண்டும். ஆயில் விளக்கு எரியவில்லை என்றால் நல்லது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அது ஆயில் பிரஷர் போகும்போதும் எரியாது.

செல்ஃப் எடுக்காத வண்டியில் ஸ்டார்ட்டர் மோட்டாரின் முனைகளை ஸ்க்ரூடிரைவரால் உரசி ஸ்டார்ட் செய்வது கைவேலைத் திறமையாகவே பார்க்கப்படுகிறது. கியர் நியூட்ரலில் இல்லாவிட்டால் ஸ்டார்ட் ஆகக் கூடாது என்று வைத்த ஸ்விட்ச்சை அது தாண்டிப் போகிறது. வண்டி நகர்ந்தால் உரசியவர் நிற்பது சக்கரத்தின் அருகில்.

ஜேசிபியில் இடது, வலது பின்சக்கரங்களுக்குத் தனித்தனியாக இரண்டு பிரேக் பெடல் உண்டு. ரோட்டில் ஏறும் முன் இரண்டையும் இணைக்கும் கொக்கியைப் போட மறந்தால், அவசரத்தில் ஒன்றை மட்டும் மிதித்து வண்டி ஒரு பக்கமாகத் திரும்பிவிடும். பின் கையைக் கீழே இறங்காமல் பிடிக்கும் பூம் லாக், பக்கவாட்டில் ஆடாமல் பிடிக்கும் ஸ்விங் லாக் இரண்டும் அதே நேரத்தில் பார்க்க வேண்டியவை. ரிவர்ஸ் ஹாரன் காதைக் குடைகிறது என்று ஒயரைப் பிடுங்கி வைத்திருந்தால் அன்றே மாட்டுங்கள்.

தாளைப் பற்றி ஒன்று. முப்பது நாளும் ஒரே மையில் ஒரே சாய்வில் டிக் இருந்தால் சூப்பர்வைசருக்கே தெரியும், மாதக் கடைசியில் உட்கார்ந்து போட்டது என்று. இன்ஜின் ஓடிய மணியைக் கணக்கிடும் மீட்டர் ஓடாத, சோதனைக்கான அந்த இருபது நிமிடத்துக்கு யாரும் வாடகை தருவதில்லை என்பதும் இப்படி நடக்க ஒரு காரணம்தான். டிக்குக்குப் பதில் எண்ணை எழுதச் சொல்லுங்கள்: மீட்டர் மணி எத்தனை, எந்த ஆயில் எத்தனை லிட்டர் ஊற்றினோம். மூன்று நாள் தொடர்ந்து ஒரு லிட்டர் என்று இருந்தால் எங்கோ ஒழுகுகிறது. அது எங்கே என்று காட்ட, முந்தின நாள் சாயங்காலமே பக்கெட்டைத் தரையில் வைத்து, டீசல் டேங்கை நிரப்பி, காய்ந்த சமதரையில் வண்டியை நிறுத்தியிருக்க வேண்டும். சேற்றில் நிறுத்திய வண்டிக்கடியில் சொட்டிய ஆயில் காலையில் யார் கண்ணுக்கும் தெரியாது.