வீட்டு 3டி பிரிண்டரில் ஐசிஎஃப் ரயில் பெட்டி: முதல் முறை செய்பவர்களுக்கு

பெரம்பூர் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் 1955 முதல் செய்துவந்த பழைய வகை ரயில் பெட்டியை 2018-ல் நிறுத்திவிட்டார்கள். அந்தப் பெட்டியை, அதுவும் நீல நிறத்தில், 1:87 அளவில் என் மேசைமேல் ஓட்டிப் பார்க்க நெடுநாள் ஆசை. கடையில் கிடைப்பது பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்க வண்டிகள்தான். அதனால்தான் பிரிண்டர் வாங்கினேன். நீங்களும் கடையில் கிடைக்காததைச் செய்யப் போகிறீர்கள் என்றால் தாராளமாக வாங்குங்கள். கிடைப்பதையே செய்வதற்கு என்றால் ஒட்டிச் சேர்க்கும் பாகங்கள் அடங்கிய கிட் வாங்குவதுதான் லாபம்.

முதலில் அளவு. பெட்டியின் உடல் நீளம் 21,337 மி.மீ. 87-ஆல் வகுத்தால் 245. பிரிண்டர் பெட் (பொருள் உருவாகும் தட்டு) 220-க்கு 220 மி.மீ. என்றால் நேராக வைக்க முடியாது. மூலைக்கு மூலை சாய்த்து வையுங்கள், பக்கச்சுவர் முழுசாக அடங்கிவிடும்.

முழுக்கூடாகப் பிரிண்ட் போடாதீர்கள். சுவர், முனை, கூரை எல்லாம் தனித்தனி. சுவரைப் படுக்க வைத்துப் போட்டால் பக்கவாட்டில் அடுக்குக் கோடு தெரியாது. கூரை வளைவானது, படுக்க வைத்தால் படிபடியாக வரும். இரண்டாக வெட்டி நிற்க வைத்துப் போடுங்கள். லேயர், அதாவது ஓர் அடுக்கின் உயரம், 0.12 மி.மீ. மாடலை அடுக்கடுக்காக வெட்டிப் பிரிண்டருக்குத் தரும் ஸ்லைசர் மென்பொருளுக்குக் கியூரா போதும், இலவசம்.

இனி என்னைப் பத்து நாள் படுத்திய விஷயம். எங்கள் வீடு காசிமேடு பக்கம், ஜன்னலைத் திறந்தால் கடல் காற்று. பிஎல்ஏ ஃபிலமென்ட் (பிரிண்டர் உருக்கிப் போடும் பிளாஸ்டிக் இழை) ரோலைத் திறந்தபடியே வைத்திருந்தேன். பிரிண்டில் ஜன்னலுக்கு ஜன்னல் சிலந்தி வலை மாதிரி நூல். சூட்டைக் குறைத்தேன், ரிட்ராக்‌ஷனைக் (இழையைப் பின்னுக்கு இழுப்பது) கூட்டினேன், உருகிய பிளாஸ்டிக் வெளியே வரும் நாசிலையே மாற்றினேன். ஒரு ராத்திரி தெரு அடங்கிய பிறகு கிட்டே போய்க் கேட்டால், நாசிலில் அப்பளம் பொரிகிற மாதிரி பட்பட் சத்தம். ஃபிலமென்ட் குடித்திருந்த ஈரம் ஆவியாகிற சத்தம் அது. ஃபிலமென்ட் டிரையரில் 50 டிகிரியில் 6 மணி நேரம் வைத்தேன், நூல் நின்றுவிட்டது. இப்போது ரோல் இருப்பது மூடி இறுகிய அரிசி டப்பாவில், சிலிக்கா ஜெல்லோடு. கடலோரத்தில் இருப்பவர்கள் பிரிண்டரோடு சேர்த்தே டிரையரும் வாங்கிவிடுங்கள்.

ஜன்னல் கம்பியைப் பிரிண்ட் போட முயல வேண்டாம். 0.4 நாசில் போடும் கோடு நிஜ அளவில் 35 மி.மீ. தடிமன். நிஜக் கம்பி விரல் தடிமன்கூட இருக்காது. பழைய ஒயரின் ரப்பரை உரித்து உள்ளே இருக்கும் செம்பு இழையை எடுங்கள். கண்ணாடிமேல் வைத்து, ஸ்டீல் ஸ்கேலால் அழுத்தி உருட்டினால் நேராகிவிடும். உள்பக்கத்தில் ஃபெவிக்விக் ஒரு பொட்டு.

இழைக்குப் பதில் திரவ ரெசினை ஒளியால் இறுக்கும் ரெசின் பிரிண்டரில் நுணுக்கம் அருமையாக வரும். ஆனால் குழந்தைகள் இருக்கும் சின்ன வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன். காயாத ரெசின் தோலுக்கு ஆகாது, வாடையும் உண்டு.

பின்சேர்க்கை: ஃபிலமென்ட்டை மொட்டைமாடி வெயிலில் காயவைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். 60 டிகிரியை நெருங்கினால் பிஎல்ஏ இளகிவிடும், வெயிலின் சூடு நம் கையில் இல்லை.

இன்னொரு கேள்வி, தண்டவாள அகலம் பற்றி. நம் அகலப்பாதை 1,676 மி.மீ. 1:87-ல் அது 19.3 வர வேண்டும், கடைத் தண்டவாளமோ 16.5. நான் கடைச் சக்கரத்தையே போட்டுக்கொண்டேன். எனக்குப் பெட்டி ஓட வேண்டும்.