கெரிஸ் வாங்கப் போகும்முன் தெரிந்திருக்க வேண்டிய சொற்கள்

இந்தோனேசியாவில், ஜாவாவின் சோலோ நகரத்துத் திரிவிண்டு சந்தையிலோ ஜகார்த்தாவின் ஜாலான் சுராபாயா கடைவரிசையிலோ கெரிஸ் என்ற மரபுக் குத்துவாளைப் பார்க்கப் போகிறவர் முதலில் பழக வேண்டிய சொல் 'மஹார்'. குலச்சொத்தாக மதிக்கும் குத்துவாளுக்கு 'விலை' பேசுவதைச் சேகரிப்பாளர்கள் பலர் விரும்புவதில்லை. அதனால் மஹார் என்கிறார்கள். தமிழ் முஸ்லிம் திருமணங்களில் வழங்கும் அதே மஹர்தான். 'பெராப்பா மஹார்ன்யா, பாக்?' என்று கேளுங்கள். மூத்த ஆணைப் 'பாக்', மூத்த பெண்ணை 'பு', இளைஞரை 'மாஸ்' என்று அழைப்பது ஜாவா வழக்கம்.

'போலே லிஹாட்?' (பார்க்கலாமா?) என்று கேட்ட பிறகே கையில் வாங்குங்கள். உறையை மெல்ல விலக்குங்கள். அலகை, அதாவது 'பிலா'வை, விரலால் தொடாதீர்கள். வியர்வையின் உப்பு துருவைக் கிளப்பும். அலகின் கோலம் தெரிவதற்காகப் பூசும் 'வாராங்கான்' ஆர்செனிக் சேர்ந்தது. பார்த்து முடித்ததும் கை கழுவாமல் எதையும் சாப்பிடக் கூடாது.

அந்தக் கோலத்தின் பெயர் 'பாமோர்'. இரும்போடு நிக்கல் கலந்த உலோகத்தை மடித்து மடித்து அடிப்பதால் வருவது. ஏமாற்று அதிகம் நடப்பது இங்கேதான். உண்மையான பாமோர் உலோகத்தின் உடலிலேயே இருப்பதால், பள்ளம் மேடு எல்லாவற்றிலும் வடிவத்துக்கேற்ப வளைந்து ஓடும். அமிலத்தால் வரைந்தது மேற்பரப்போடு நின்றுவிடும். செயற்கையாகப் பழசாக்கிய அலகில் அரிப்புக் குழிகள் எங்கும் ஒரே மாதிரி இருக்கும். உண்மையில் பழையது விளிம்பிலும் முனையிலும்தான் அதிகம் தேய்ந்திருக்கும்.

வளைவுகள் 'லூக்'. இவை எப்போதும் ஒற்றைப்படைதான். இரட்டையாக வந்தால் மறுபடி எண்ணுங்கள். அலகின் அடியில் உள்ள அகலத் துண்டு 'கன்ஜா'. பெரும்பாலும் தனியாகச் செய்து பொருத்தியது. அலகை வெளிச்சத்தில் பிடித்தால் இடையில் ஒளி கசிகிறதா என்று தெரியும். கசிந்தால் தேய்மானமோ மாற்றுத் துண்டோ. உறையில் 'காயமான்' சாதாரணப் பயன்பாட்டுக்கு, 'லாட்ராங்' சடங்குக்கு. உறையும் பிடியும் பிற்காலத்தில் மாற்றப்பட்டிருப்பது சகஜம், ஆகவே அலகைத் தனியாக மதிப்பிடுங்கள்.

'தாங்குஹ்' என்றால் காலக் கணிப்பு. கடைக்காரர் 'தாங்குஹ் மஜபாஹித்' என்றால், மஜபாஹித் என்ற பழைய ஜாவா பேரரசின் காலத்தது என்பது அவருடைய கணிப்பு, சான்றிதழ் அல்ல. 'கமார்டிகான்' என்பது 1945 சுதந்திரத்துக்குப் பின் செய்த கெரிஸ். இது மட்டமான சொல் இல்லை: நல்ல எம்பு, அதாவது கொல்லர், செய்த கமார்டிகான் போலிப் பழசைவிட எவ்வளவோ மேல். 'அஸ்லி' என்றால் அசல், பழையது என்று பொருளில்லை. வயதைக் கேட்க 'லாமா அத்தாவ் பாரு?' (பழசா, புதுசா?)

பேரம் தெருக்கடையின் பேரம்தான். 'பிசா குராங்?' என்றால் குறையுமா என்று பொருள். 'ஹார்கா பாஸ்' என்று பதில் வந்தால் அதோடு நிறுத்துங்கள். தொகையில் ஆயிரத்தை விழுங்கிவிடுவார்கள்: தெருக்கடையில் 'லிமா புலு' என்றால் 50,000 ரூபியா. ஜகார்த்தாக் கொச்சையில் அதுவே 'கோசாப்'. 'கோசெங்' 5,000, 'செபான்' 10,000. 'பெலும் பாலிக் மோடால்' என்றால் போட்ட முதல் திரும்பவில்லை என்கிறார். காலையிலேயே போனால் 'பெங்லாரிஸ்' வேளை, நம் போணி; அப்போது கொஞ்சம் இறங்கி வருவார்கள்.

முடிந்ததும் 'குவிதான்சி', அதாவது ரசீது, வாங்குங்கள். அதில் தேதியும் 'லாமா' அல்லது 'பாரு' என்ற சொல்லும் இருக்கட்டும். இந்தோனேசியாவின் 2010-இன் 11-ஆம் எண் சட்டப்படி 50 ஆண்டோ அதற்கு மேலோ பழமையான பொருள் பண்பாட்டுச் சொத்தாகக் கருதப்படலாம். அப்படியானதை அனுமதியின்றி நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. பழையது என்று சொல்லி விற்றால் பணம் கொடுக்கும் முன்பே அனுமதி பற்றிப் பேசிவிடுங்கள்.