ஒரே 5,000 கன அடி, இரண்டு தலைப்பு: அரசியல் செய்தி படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2023 செப்டம்பரில் ஒருநாள் காலை, பெங்களூர் அல்சூர் மார்க்கெட் பக்கம் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். கடை டி.வி.யில் கன்னடச் செய்தி. இந்த வறட்சியிலும் கர்நாடகத்தின் கே.ஆர்.எஸ். அணையிலிருந்து காவிரித் தண்ணீர் தமிழ்நாட்டுக்குப் போகிறது என்று சிவப்புப் பட்டையில் ஓடிக்கொண்டிருந்தது. என் போனில் சேலத்துச் சித்தப்பா அனுப்பிய தமிழ்ச் செய்தி. தரவேண்டிய தண்ணீரைத் தராமல் கர்நாடகம் வஞ்சிக்கிறது என்றது அது. டீ ஆறுவதற்குள் இரண்டு பக்கமும் கோபம் வரவேண்டும் எனக்கு.

இரண்டுமே ஒரே உத்தரவைப் பற்றியவை. 15 நாளைக்கு, வினாடிக்கு 5,000 கன அடி வீதம், மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலு அளவீட்டு நிலையத்துக்குத் தண்ணீர் வந்து சேர வேண்டும் என்று காவிரி மேலாண்மை ஆணையம் சொல்லியிருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: நாளுக்கு 86,400 வினாடி, அதாவது 43.2 கோடி கன அடி. நூறு கோடி கன அடி ஒரு டி.எம்.சி. என்பதால் இது 0.43 டி.எம்.சி. 15 நாளைக்குச் சுமார் 6.5 டி.எம்.சி. சாதாரண ஆண்டில் செப்டம்பர் மாதத்துக்கு மட்டும் தமிழ்நாட்டுக்கு வரவேண்டியது 36.76 டி.எம்.சி. அந்த எண்ணை 6.5-க்குப் பக்கத்தில் வைத்தால் வஞ்சகம் தெரியும். அதே 6.5-ஐ மொத்தமே 49 டி.எம்.சி. பிடிக்கிற, அந்த ஆண்டு நிரம்பாத கே.ஆர்.எஸ். அணைக்குப் பக்கத்தில் வைத்தால் தாராளம் தெரியும். என் வீட்டுக் குழாயில் வருவதும் காவிரிதான் என்பதால் இந்த இரண்டாவது கணக்கையும் என்னால் ஒதுக்கிவிட முடியாது.

முதல் தவறு இங்கேதான். பக்கச்சார்பு என்றாலே பொய் என்று நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அது பொய்யே சொல்வதில்லை. எந்த எண்ணுக்குப் பக்கத்தில் எந்த எண்ணை வைப்பது என்று முடிவு செய்கிறது, அவ்வளவுதான். எங்கே அளந்தது என்பதிலும் இந்த வேலை நடக்கும். அணை மதகில் திறந்த அளவு வேறு, எல்லையில் பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் அளப்பது வேறு. கணக்கில் சேர்வது இரண்டாவது. ‘திறந்துவிட்டோம்’, ‘வரவில்லை’ என்ற இரு தலைப்பும் ஒரே நாளில் வந்து, இரண்டுமே சரியாக இருந்துவிடலாம்.

அடுத்த தவறு, ‘அது எந்தக் கட்சிச் சேனல்’ என்பதோடு விசாரணையை முடித்துக்கொள்வது. நம் ஆட்களுக்கு இதில் பழக்கம் அதிகம். முரசொலி தி.மு.க. நாளேடு என்று தெரிந்தே படித்த தலைமுறைதான் நாம். ஆனால் கட்சிப் பத்திரிகை ஓர் அரசாணையை எண்ணும் தேதியும் போட்டு வெளியிட்டால் அந்த ஆணையைத் தேடிப் படித்துவிடலாம். கட்சி முத்திரையே இல்லாத ஒரு தளம் ‘வட்டாரங்கள் தெரிவித்தன’ என்று எழுதினால் தேடிப் போக முகவரியே கிடையாது. எனக்கு முன்னதே மேல். உரிமையாளர் யார் என்று பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நிருபருக்கு இதை யார் சொன்னார், எங்கே வைத்துச் சொன்னார் என்ற கேள்விக்கு அடுத்ததுதான் அது.

வட்டாரம் என்ற சொல்லையே கெட்ட வார்த்தையாக்க வேண்டாம். பேர் சொன்னால் வேலை போகும் என்கிற அதிகாரி உண்மையைச் சொல்ல வேறு வழி இல்லாமலும் இருக்கலாம். எந்த வட்டாரம் என்றாவது எழுதியிருக்கிறார்களா, பெயரை ஏன் மறைத்தார்கள் என்று ஒரு வரி இருக்கிறதா, குற்றம் சாட்டப்பட்டவரிடம் கேட்டார்களா என்று பார்ப்பேன். ‘எனக் கூறப்படுகிறது’ என்று வாக்கியம் முடிந்தால், யாரால் என்று ஒருமுறை வாய்விட்டுக் கேட்டுப் பாருங்கள். பாதிச் செய்தி அங்கேயே உதிர்ந்துவிடும். கூடவே வினைச்சொல்லையும் கவனியுங்கள். அமைச்சர் ‘சொன்னார்’ என்றால் செய்தி. ‘மழுப்பினார்’, ‘கொந்தளித்தார்’, ‘ஒப்புக்கொண்டார்’ என்றால் நிருபர் நமக்காகத் தீர்ப்பும் எழுதிவிட்டார் என்று பொருள். ‘அதிரடி’, ‘பகீர்’ பற்றியெல்லாம் பேசி நேரத்தை வீணாக்கப் போவதில்லை.

பத்துத் தளத்தில் வந்திருக்கிறதே என்பது இன்னொரு ஏமாற்றம். பத்தையும் திறந்து முதல் பத்தியைப் படியுங்கள். பல நேரம் பி.டி.ஐ. அல்லது ஏ.என்.ஐ. மாதிரி செய்தி நிறுவனம் அனுப்பிய ஒரே செய்தி, பத்து விதமாக மொழிபெயர்த்திருக்கும். அது பத்து சாட்சி இல்லை. ஒரே சாட்சி பத்து சட்டை போட்டு வந்திருக்கிறார்.

மொழிபெயர்ப்பு என்றதும் பெங்களூர்த் தமிழர்களுக்கு என்று ஒரு பொறுப்பு இருப்பதாக எனக்குப் படுகிறது. ஓர் அரசியல்வாதி கன்னடத்தில், ‘நீரு இத்ரே பிட்தீவி, இல்லாந்த்ரே எல்லிந்த பிடோது’ என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் இருந்தால் விடுவோம், இல்லாவிட்டால் எங்கிருந்து விடுவது என்று பொருள். பின்பாதியை மட்டும் வெட்டி, ‘தண்ணீர் தர முடியாது’ என்று தமிழில் போட்டால் கதையே மாறிப்போகும். சேலத்தில் இருப்பவருக்கு இதைக் கண்டுபிடிக்க வழியில்லை. நமக்கு முழு வீடியோவைத் தேடி இரண்டு நிமிடம் கேட்டால் போதும். சென்னையில் பேசியதைக் கன்னடத்தில் வெட்டுவதும் நடக்கிறது. பக்கத்து வீட்டு கன்னடக்காரருக்கு அதை விளக்க நம்மைவிடப் பொருத்தமான ஆள் யார்?

நீதிமன்றச் செய்தியில் எல்லோரும் செய்கிற தவறு, நீதிபதி வாய்மொழியாகக் கேட்டதை உத்தரவு என்று எடுத்துக்கொள்வது. 2021 ஏப்ரலில், கொரோனா நேரத்துப் பிரச்சாரத்தைத் தடுக்காத தேர்தல் ஆணைய அதிகாரிகள் மீது கொலை வழக்கே போடலாம் என்ற பொருளில் சென்னை உயர் நீதிமன்றம் கடிந்துகொண்டது. நாடு முழுக்கத் தலைப்பு. ஆணையம் உச்ச நீதிமன்றம் போனபோது, அந்த வாசகம் உத்தரவிலேயே இல்லை, எனவே நீக்குவதற்கும் எதுவும் இல்லை என்று மே மாதம் சொல்லப்பட்டது. விசாரணையில் நடப்பதை எழுத ஊடகங்களுக்கு உரிமை உண்டு என்றும் அதே தீர்ப்பு சொன்னது. ஆகவே செய்தி தவறில்லை, அதை உத்தரவாகப் படித்ததுதான் தவறு. புகார், எஃப்.ஐ.ஆர்., குற்றப்பத்திரிகை, தண்டனை நான்கும் வேறு வேறு என்பதும் இதே வகைதான்.

நியூஸ் கார்டு பற்றிச் சுருக்கமாக: பிரபல சேனல் லோகோவோடு ஒரு படம் வந்தால், அந்தச் சேனலின் சொந்தப் பக்கத்தில் அந்தத் தேதிக்குப் போய்ப் பாருங்கள். இல்லையென்றால் கடந்து போங்கள். எழுத்துரு, ஒற்றுப்பிழை பார்த்துக் கண்டுபிடிக்கும் காலம் போய்விட்டது. இப்போது போலியிலும் இலக்கணம் சுத்தமாக இருக்கிறது.

என்னிடமே நான் பிடித்த தவறு ஒன்று உண்டு. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் வட மாநிலத் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. ஒன்று திருப்பூரில் பீகார் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த சண்டை, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் மோதிக்கொண்டது என்று தமிழ்நாடு டி.ஜி.பி. விளக்கினார். ஆபீசில் இந்திக்கார நண்பர்களிடம் அதை வரிக்கு வரி எடுத்துச் சொன்னேன். ஆறு மாதம் கழித்து, செப்டம்பர் 26 பெங்களூர் பந்த் அன்று, தமிழ்நாட்டுப் பஸ்கள் எரியும் படம் ஒன்று குடும்ப குரூப்பில் வந்தது. பார்த்ததும் கை நடுங்க நாலு பேருக்கு அனுப்பிவிட்டேன். அது 2016 செப்டம்பர் 12 அன்று எரிந்த பஸ். அந்தப் புகையை நேரில் பார்த்த ஊர்க்காரனான எனக்கே தேதி பார்க்கத் தோன்றவில்லை. நம் மேல் வரும் பழியைத் துருவித் துருவிப் பார்க்கிறோம், நம் பயத்தை உறுதி செய்யும் செய்தியை அப்படியே விழுங்குகிறோம். ஒரு படத்தைக் கொடுத்து, அது முன்பு எங்கே வந்தது என்று தேடும் வசதி கூகுள் லென்ஸில் இருக்கிறது. பத்து வினாடி வேலை. அது தெரிந்தவன்தான் நான்.

சரி, அனுப்பியாயிற்று, அப்புறம்? வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் அழிக்கும் வசதி இரண்டு நாளுக்குச் சற்று மேல்தான் வேலை செய்யும். அதற்குள் பத்துக் கை மாறியிருக்கும். சத்தமில்லாமல் அழிப்பதைவிட, அதே குரூப்பில் ‘இது 2016 படம், தவறுதலாக அனுப்பிவிட்டேன்’ என்று போடுவது மேல். சித்தப்பா அதற்குக் கட்டைவிரல் காட்டினார். மற்றவர்கள் பேசவில்லை.

தவறு செய்தித் தளத்துடையது என்றால் அவர்களுக்கே எழுதலாம். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி டிஜிட்டல் செய்தி வெளியிடுவோர் குறைதீர் அலுவலர் ஒருவரை வைத்திருக்க வேண்டும். புகாருக்கு 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும். தளத்தின் அடிப்பகுதியில் முகவரி இருக்கும். நான் இரண்டு முறை எழுதியிருக்கிறேன். ஒரு தளம் அளவீட்டு இடத்தைத் திருத்தி, திருத்தியதாகக் கீழே ஒரு வரியும் போட்டது. இன்னொன்று பதிலே போடாமல் தலைப்பை மட்டும் மாற்றிவிட்டது. முதல் தளத்தை இப்போதும் படிக்கிறேன்.