எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பிள்ளையைத் திறன் தேர்வுக்கு வீட்டிலேயே தயார்படுத்துவது எப்படி

எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், வருஷத்துக்குள் ஏதாவது ஒரு திறன் தேர்வு வந்தே தீரும். ஆறு முதல் ஒன்பது வரை அரசுப் பள்ளிகளில் தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றுக்கும் 'திறன்' என்ற பெயரிலேயே அடிப்படைத் தேர்வு வைத்துத் தனிப் பயிற்சி கொடுக்கிறார்கள். மாநில அளவிலான அடைவுத் தேர்வு 2025 பிப்ரவரியில் மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்கு நடந்தது. மத்திய அரசு நடத்தும் தேசிய ஆய்வு 2024 டிசம்பர் 4 அன்று மூன்று, ஆறு, ஒன்பதாம் வகுப்புகளுக்கு நடந்தது. இதுபோக எட்டாவது படிக்கும் பிள்ளைகளுக்கு உதவித்தொகைக்கான என்.எம்.எம்.எஸ். என்ற தேசிய வருவாய்வழித் திறன் தேர்வு, ஒன்பதாவது படிக்கும் கிராமப்புறப் பிள்ளைகளுக்கு ஊரகத் திறனாய்வுத் தேர்வு. பெயர்தான் வேறு வேறு, அடியில் கேட்பது இரண்டே இரண்டு: படித்தால் புரிகிறதா, எண்களை வைத்து யோசிக்க வருகிறதா.

அதனால் பள்ளித் தேர்வுக்குப் படிப்பது மாதிரி, பாடத்தின் பின்னால் இருக்கும் கேள்வி பதிலை ஒப்பிக்க வைத்தால் இதில் பயனில்லை. கைடு வாங்கிக் கொடுத்தாலும் டியூஷனில் சேர்த்தாலும் அதேதான். பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறது என்று முதலில் தெரிய வேண்டும், அதை டியூஷன் மாஸ்டரைவிட வீட்டில் இருக்கிற நீங்கள் நன்றாகக் கண்டுபிடிக்கலாம். நீங்கள் பத்தாவதைத் தாண்டாதவராக இருந்தாலும் சரி.

ஒரு சாயங்காலம், பிள்ளை பசியாறிய பிறகு, ஒரு தாளில் நான்கு கணக்கு எழுதிக் கொடுங்கள். 5003-இலிருந்து 1786-ஐக் கழி. 816-ஐ 8-ஆல் வகு. 0.5 பெரியதா, 0.35 பெரியதா? அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு? நான்கும் எட்டாம் வகுப்புக் கணக்கு இல்லை, ஆனால் எட்டாம் வகுப்புக் கணக்கு முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது. முதல் கணக்குக்கு 3217 வர வேண்டும். 4783 என்று வந்தால், கடன் வாங்கிக் கழிக்காமல் ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது என்று அர்த்தம். இரண்டாவதுக்கு 102-க்குப் பதில் 12 வந்தால், நடுவில் இருக்கும் பூஜ்ஜியத்தை விட்டுவிட்டது. 35 என்பது 5-ஐவிடப் பெரியது என்று 0.35-ஐத் தேர்ந்தெடுத்தால் தசமத்தில் இடமதிப்பு புரியவில்லை. ஐந்தில் இரண்டு என்று எழுதினால், மேலே இருப்பதையும் கீழே இருப்பதையும் தனித்தனியாகக் கூட்டியிருக்கிறது.

இந்தத் தேர்வுகளில் கேள்வி தயாரிப்பவர்களுக்கும் இந்தத் தவறுகள் எல்லாம் தெரியும். கொள்குறி வினாவில் நான்கு விடை கொடுக்கும்போது இப்படிப் பொதுவாக வரும் தவறான விடைகளைத்தான் மற்ற மூன்றாக வைக்கிறார்கள். 12 என்று போட்ட பிள்ளைக்குத் தாளிலும் 12 இருக்கும், சரி என்று நினைத்து நிம்மதியாகக் கட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடும். அதனால் கணக்கைப் போடுவதற்கு முன்னால் விடை சுமாராக எவ்வளவு வரும் என்று வாய்விட்டுச் சொல்லும் பழக்கத்தைக் கொண்டு வாருங்கள். 800-ஐ எட்டால் வகுத்தாலே நூறு, 816-க்கு எப்படி 12 வரும்? இந்த ஒரு கேள்வியைப் பிள்ளை தானே கேட்டுக்கொள்ள ஆரம்பித்தால் பாதித் தவறு நின்றுவிடும்.

இங்கே பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். தவறான விடையைப் பார்த்ததும் "எட்டாவது படிக்கிற, இதுகூடத் தெரியலையா" என்ற வார்த்தை நம் வாயில் தயாராக இருக்கும், அதை விழுங்கிவிடுங்கள். 2025-26இல் எட்டாவதும் ஒன்பதாவதும் படித்த பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்கள், 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது அவர்கள் இரண்டாவதும் மூன்றாவதும். ஒன்று முதல் எட்டு வரைக்கும் மறுபடி பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1 அன்றுதான். கடன் வாங்கிக் கழித்தல், வாய்ப்பாடு, வகுத்தல் எல்லாம் உட்கார்ந்து கற்க வேண்டிய வயசில் வீட்டில் ஒரே ஒரு செல்போன், அதுவும் அப்பாவோடு வயலுக்கோ வேலைக்கோ போய்விடும். அந்தப் பள்ளத்தை நிரப்பாமல் மேலே மேலே வகுப்பு ஏற்றிவிட்டோம். பிள்ளைமேல் தப்பு இல்லை, அதை அதனிடமே நேராகச் சொல்லுங்கள், இந்த வயசுப் பிள்ளைகளுக்கு அதைக் கேட்பது பெரிய ஆறுதல்.

எங்கே சறுக்குகிறதோ அந்த வகுப்புப் புத்தகத்துக்கே இறங்கிவிடுங்கள். நான்காம் வகுப்பு, ஐந்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் பக்கத்து வீட்டிலேயே கிடைக்கும், இல்லையென்றால் பாடநூல் கழகத்தின் தளத்தில் இலவசமாகப் பதிவிறக்கலாம். பதிமூன்று வயசுப் பையன் நான்காம் வகுப்புப் புத்தகத்தை வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார மாட்டான், யாராவது பார்த்தால் மானம் போய்விடும் என்பான், அவன் சொல்வது நியாயம்தான். அதற்கு நல்ல வழி, வீட்டிலோ தெருவிலோ இருக்கும் ஒரு சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பை அவனுக்குக் கொடுப்பது. தங்கைக்கு வகுத்தல் சொல்லிக் கொடுக்கும் அண்ணன், அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டுமே என்று தானே முதலில் புரிந்துகொள்வான். நான் பார்த்தவரை இதைப்போல வேகமாக அடிப்படையைச் சரிசெய்வது வேறு எதுவும் இல்லை. பெண் பிள்ளைகளுக்கும் இதுவேதான், ஆனால் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் வேலையோடு பாத்திரம் தேய்க்கும் வேலையையும் சேர்த்து அவள் தலையில் கட்டிவிடாதீர்கள், படிக்கும் அந்த அரை மணி நேரம் அவளுடையதாக இருக்கட்டும்.

அப்புறம் கணக்குக்கு உதாரணம் தேடி எங்கும் போக வேண்டாம், டெல்டாவில் இருப்பவர்களுக்கு வாசலைத் தாண்டினாலே கணக்குத்தான். ஒரு குழி என்பது பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி, அதாவது 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்றால் ஒரு மா எத்தனை சென்ட்? கிட்டத்தட்ட 33 சென்ட், அதாவது ஏக்கரில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. இதில் பரப்பளவு, அலகு மாற்றம், பின்னம் மூன்றும் வந்துவிட்டன. நெல் கொள்முதல் நிலையத்தில் ஒரு சிப்பம், அதாவது ஒரு மூட்டை, 40 கிலோ, நம் வயலில் 110 சிப்பம் கண்டது, குவிண்டாலுக்கு 2,500 ரூபாய் என்றால் கையில் எவ்வளவு வரும்? முதலில் கிலோ, பிறகு குவிண்டால், பிறகு ரூபாய் என்று மூன்று படியாகப் போக வேண்டும், 44 குவிண்டால், 1,10,000 ரூபாய். யூரியா மூட்டை 45 கிலோ, அதில் தழைச்சத்து 46 சதவீதம் என்றால் எத்தனை கிலோ? 20.7. சதவீதம் என்றாலே பயப்படும் பிள்ளைகூட மூட்டையைக் காட்டிக் கேட்டால் போட்டுவிடும்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது மேட்டூர் அணை நிலவரம். நாளிதழில் தினமும் வருகிறது: நீர்மட்டம், இருப்பு, வரத்து, திறப்பு. முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி., முழு உயரம் 120 அடி. இருப்பு 60 டி.எம்.சி., வரத்து விநாடிக்கு 5,000 கன அடி, திறப்பு 17,000 கன அடி என்று வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு எவ்வளவு குறையும் என்று கேளுங்கள். நிகரமாக 12,000 கன அடி, ஒரு நாளுக்கு 86,400 விநாடி, பெருக்கினால் கிட்டத்தட்ட 104 கோடி கன அடி. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி, ஆக நாளுக்குச் சுமார் ஒரு டி.எம்.சி. குறைகிறது. குறுவைக்குத் தண்ணீர் கடைசி வரை வருமா என்று பெரியவர்கள் பேசிக்கொள்வதன் பின்னால் இருக்கும் கணக்கு இதுதான் என்று பிள்ளைக்குப் புரியும். ஒரு வாரத்து நீர்மட்டத்தை வரைபடத் தாளில் புள்ளி வைத்துக் கோடு போடச் சொன்னால் அட்டவணை, வரைபடம் பற்றிய கேள்விகளுக்கும் பயிற்சி ஆகிவிடும்.

இனி வாசிப்பு. கணக்கில் வாங்கும் குறைந்த மதிப்பெண்ணில் பாதி உண்மையில் வாசிப்பில் இருக்கும் குறை. வாக்கியக் கணக்கு நாலு வரி இருந்தாலே பிள்ளை எண்களை மட்டும் பொறுக்கி எடுத்துக் கூட்டவோ பெருக்கவோ செய்துவிடும், கேள்வி என்ன கேட்கிறது என்று படிப்பதே இல்லை. அதனால் வாக்கியக் கணக்குக்கு ஒரு கட்டாயம் வையுங்கள்: பேனாவைத் தொடுவதற்கு முன், கணக்கு என்ன சொல்கிறது என்று எண் எதையும் சொல்லாமல் தன் வார்த்தையில் சொல்ல வேண்டும்.

தமிழ் வாசிப்பைச் சோதிக்க, பிள்ளை இதுவரை பார்க்காத ஒரு பத்தியைக் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். எழுத்துக்கூட்டிப் படித்தால் அர்த்தத்துக்கு மூளையில் இடமே இருக்காது, அப்படியானால் தினமும் பத்து நிமிஷம் சத்தமாகப் படிப்பதுதான் மருந்து, சுலபமான கதையிலிருந்து தொடங்குங்கள். சரளமாகப் படித்தால் பத்தியை மூடிவிட்டு மூன்று விதமான கேள்வி கேளுங்கள். நேராகப் பத்தியில் இருப்பது ஒன்று. பத்தியில் சொல்லாமல் நாமே ஊகிக்க வேண்டியது ஒன்று. தெரியாத ஒரு சொல்லுக்கு அந்த இடத்தில் என்ன பொருள் என்பது ஒன்று. முதல் கேள்விக்கு எல்லாப் பிள்ளையும் சொல்லிவிடும், தேர்வில் மதிப்பெண் போவது இரண்டாவதிலும் மூன்றாவதிலும்தான். படிக்கக் கதைப் புத்தகம் மட்டும் வேண்டும் என்றில்லை. பூச்சிமருந்து டப்பாவில் இருக்கும் எச்சரிக்கை, கூட்டுறவுச் சங்க நோட்டீஸ், ஆற்றங்கரையோர மக்களுக்கு வெள்ள எச்சரிக்கை என்று வரும் செய்தி, மின்கட்டண விவரம் எல்லாமே இந்தத் தேர்வுகளில் வரும் பத்திகள் மாதிரியானவை. ஐப்பசி, கார்த்திகையில் மழை விடுமுறை வரும்போது கிளை நூலகத்தில் முன்னாடியே எடுத்து வைத்த இரண்டு புத்தகம் வீட்டில் இருந்தால் நல்லது.

என்.எம்.எம்.எஸ். பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், இதில் பணமும் இருக்கிறது. எட்டாம் வகுப்பில் அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ படிக்கும் பிள்ளை எழுதலாம், குடும்ப ஆண்டு வருமானம் 3.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருஷம் 12,000 ரூபாய். மனத்திறன் தாளில் 90 கேள்வி, 90 நிமிஷம். கொஞ்சம் இடைவேளைக்குப் பிறகு படிப்பறிவுத் தாளில் அறிவியல் 35, சமூக அறிவியல் 35, கணக்கு 20 என்று இன்னொரு 90 கேள்வி, அதற்கும் 90 நிமிஷம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது, அதனால் ஒரு கட்டத்தையும் காலியாக விடக் கூடாது. வருமானச் சான்றிதழை இ-சேவை மையத்தில் முன்கூட்டியே எடுத்து வைத்துவிடுங்கள், கடைசி வாரத்தில் அலைந்தால் பிள்ளையும் சேர்ந்து பதறும்.

மனத்திறன் தாளில் எண் தொடர், ஆங்கில எழுத்துச் சங்கேதம், திசை, கடிகாரம், கண்ணாடிப் பிம்பம் என்று வரும். பழைய வினாத்தாள் நான்கைந்து போட்டால் பிடிபட்டுவிடும், இதற்கு ரொம்ப மெனக்கெட வேண்டாம். கேள்விக்கு ஒரு நிமிஷம் என்ற வேகம்தான் பழக வேண்டியது. வராத கேள்வியைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிஷம் நிற்காமல், வினாத்தாளில் ஒரு சின்னக் குறி வைத்துவிட்டு அடுத்ததுக்குப் போகப் பழக்குங்கள். இப்படித் தாண்டும்போது ஓ.எம்.ஆர். தாளில், அதாவது விடையைக் கறுப்பாக்கிக் காட்டும் விடைத்தாளில், வரிசை மாறிவிடும் ஆபத்து உண்டு, ஒன்று மாறினால் அதற்குப் பின்னால் இருக்கும் அத்தனையும் தப்பாகிவிடும். அதனால் ஓ.எம்.ஆர். தாள் மாதிரி ஒன்றை நகல் எடுத்து, ஒவ்வொரு பயிற்சியையும் அதில் கருப்புப் பேனாவால் நிரப்பியே செய்ய வையுங்கள். பத்துக் கேள்விக்கு ஒருமுறை வினா எண்ணையும் கட்டத்தின் எண்ணையும் ஒத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடைவுத் தேர்வும் தேசிய ஆய்வும் வேறு மாதிரி. அதில் பிள்ளைக்குத் தனி மதிப்பெண் வராது, மாவட்டம், மாநிலம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்கானது. அதற்காகப் பிள்ளையை ராத்திரி விழிக்க வைக்காதீர்கள். பள்ளியின் 'திறன்' பயிற்சிப் பட்டியலில் பிள்ளையின் பெயர் இருந்தால் அதை அவமானமாக எடுத்துக்கொண்டு ஆசிரியரிடம் சண்டைக்குப் போகவும் வேண்டாம். எந்தப் பாடத்தில், எந்த இடத்தில் என்று அவரிடம் கேட்டு வாங்கி, வீட்டிலும் அதையே போட வையுங்கள்.

என்.எம்.எம்.எஸ். மையம் பெரும்பாலும் வேறு ஊர்ப் பள்ளியாக இருக்கும். சம்பா அறுவடை சமயத்தில் வீட்டில் ஆளுக்கு ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருப்பார்கள், அன்றைக்குக் கூடப் போவது யார், முதல் பஸ் எத்தனை மணிக்கு என்பதை முந்தின வாரமே முடிவு செய்துவிடுங்கள். இடைவேளைக்கு இட்லியோ தயிர்சாதமோ கட்டிக் கொடுங்கள். வெளியே வந்ததும் எத்தனை சரி என்று பஸ் ஸ்டாண்டிலேயே விசாரணை வேண்டாம். விடைக்குறிப்பு வந்த பிறகு பிள்ளையே திருத்திப் பார்க்கட்டும், தவறிய ஒவ்வொன்றின் ஓரத்திலும் அது எந்த வகுப்பு, எந்தப் பாடம் என்று எழுதட்டும். கோடை விடுமுறையில் எதைப் படிப்பது என்பதற்கு அந்தத் தாளே போதும்.