வீடு எழும்பும் வரை எங்கே படுப்பது?

நிலம் கைக்கு வந்ததும் வீட்டு வரைபடத்தைத்தான் எல்லோரும் விரிக்கிறார்கள். கட்டி முடியும் வரை எங்கே படுப்பது, எங்கே குளிப்பது என்ற யோசனை கடைசியில்தான் வருகிறது. எனக்கும் அப்படித்தான். அதனால் ஒரே கொட்டகையை இரண்டு முறை போட வேண்டியதாயிற்று.

முதலில் மர நிழலைப் பார்த்துப் போட்டேன். மூன்று மாதம் கழித்துக் கழிவுநீர்த் தொட்டிக்குக் குறி போட வந்த மேஸ்திரி, கையில் சுண்ணாம்புப் பொடியோடு என் கட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார். கிணற்றிலிருந்து குறைந்தது 15 மீட்டராவது தள்ளித் தோண்ட வேண்டும். அப்படித் தள்ளிப் பார்த்தால் மிஞ்சியது நான் படுத்திருந்த இடம்தான். ஆகவே முதலில் ஒரு தாளில் நிலத்தை வரையுங்கள். வீடு, கிணறு, கழிவுநீர்த் தொட்டி, லாரி வந்து திரும்பும் வழி, மணலும் ஜல்லியும் கொட்டும் இடம் எல்லாவற்றையும் குறியுங்கள். மிஞ்சுகிற மூலைதான் கொட்டகைக்கு. அந்த மூலை பள்ளமாக இருந்தால், நிலத்தில் தங்கும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். தற்காலிகக் குடியிருப்புக்கு அனுமதி உண்டா என்பதையும் உள்ளூர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாடகை வீடு எடுப்பதானால், போக்குவரத்துச் செலவையும் வாடகையோடு சேருங்கள். வீடு அரை மணி நேரத் தொலைவில் இருந்தால், 300 நாள் போய் வருவதற்குள் 300 மணி நேரம் சாலையில் கரைந்துவிடும். மேஸ்திரி சொல்லும் காலத்தோடு பாதியைக் கூட்டிக் கணக்குப் போடுவது நல்லது. எனக்கு எட்டு மாதம் என்றார்கள். பதினான்கு மாதம் ஆயிற்று.

நிலத்தில் ஆள் இருந்தால் கம்பி திருட்டுப் போகாது என்பார்கள். உண்மைதான். ஆனால் எனக்குப் பெரிதாகப் பட்டது, புதுக் கான்கிரீட் காயாமல் தண்ணீர் விடுகிற வேலை. தூண்களைச் சுற்றிய ஈரச்சாக்கு காலையில் கறுத்து ஒட்டிக்கொண்டிருக்கும். நண்பகலில் வெளிறி, ஓரங்கள் விறைத்துப் பிரிந்து நிற்கும். கான்கிரீட் குறைந்தது ஏழு நாள், வறண்ட வெயில் காலத்தில் பத்து நாளாவது, ஈரம் காயாமல் இருக்க வேண்டும். விடுமுறை நாளில் வேலையாள் வரமாட்டார். சாக்குக்கு விடுமுறை தெரியாது. அஸ்திவாரம் தொடங்கிக் கூரைத் தளம் போட்டு முடியும் வரை, வீட்டில் ஒருவராவது அங்கேயே இருப்பது நல்லது என்று நான் சொல்வது இதனால்தான்.

ஒருவர் போதும். என் மனைவியையும் மகளையும் நான் அங்கே கூட்டிவரவில்லை. பக்கத்து ஊரில் சின்ன வாடகை வீட்டில் இருந்தார்கள். இரட்டைச் செலவுதான். ஆனாலும் கதவில்லாத கழிப்பறையை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்த முடியாது.

தளம் போட்டாயிற்று, ஓர் அறையை மட்டும் முடித்துக் குடியேறிவிடலாமே என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. டைல்ஸ் அறுக்கும்போதும் சுவரைத் தேய்க்கும்போதும் எழும் தூசி படுக்கை வரை வரும். அது நுரையீரலுக்கு நல்லதல்ல. குடியேறிவிட்டால் மீதி வேலை தள்ளிக்கொண்டே போகும் என்பது வேறு விஷயம். வாடகை கொடுக்கவே வழியில்லை என்றால் மட்டும், வேலை நடக்கும் பக்கத்தை அடைத்துவிட்டுக் குடியேறலாம்.

எதையும் முடிவு செய்யும் முன் மூன்று இரவு அங்கே படுத்துப் பாருங்கள். அதில் ஓர் இரவாவது மழை இரவாக இருக்கட்டும். தண்ணீர் எங்கே தேங்குகிறது, வண்டி வெளியே போகுமா, அவசரத்துக்குத் தொலைபேசி கிடைக்குமா, காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறது என்பதெல்லாம் அப்போது தெரியும். சிமெண்ட் கலக்கும் இடம் காற்று வரும் பக்கம் இருந்தால் கொட்டகையை மாற்றிப் போடுங்கள்.

தங்குவது என்று தீர்மானித்தால் முதலில் தண்ணீர், அடுத்து கழிப்பறை, பிறகு விளக்கு, கடைசியில்தான் கட்டில். கழிப்பறையைத் தற்காலிகமாகப் போடாமல், பின்னால் தோட்டத்துக்கு உதவும் இடத்தில் நிரந்தரமாகவே கட்டிவிடுங்கள். சிமெண்ட் மூட்டைகளைப் படுக்கும் அறையில் அடுக்க வேண்டாம். தனியாகப் பலகை மேல், சுவரில் படாமல் ஓர் அடி தள்ளி அடுக்குங்கள்.

இரண்டாவது கொட்டகைக்குச் செங்கல் சுவரே வைத்தேன். இப்போது அதில் மண்வெட்டியும் மிச்சமான டைல்ஸும் கிடக்கின்றன. அந்தப் பழைய கட்டிலும் அங்கேதான். மதியத்தில் சில நாள் நான் அதில் போய்ப் படுப்பதுண்டு.