இசை மென்பொருள் தானாக வைத்த எண்களை முதலில் மாற்றுங்கள்

ராயபுரத்தில் இருக்கும் என் அக்கா மகன் போன மாதம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். "குத்து பீட் போட்டேன் மாமா. அடி விழவே மாட்டேங்குது. லிஃப்ட்டுக்குள்ள வர்ற மியூசிக் மாதிரி இருக்கு." போட்டுக் காட்டினான். அவன் சொன்னது பொய்யில்லை.

திரையைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. வேகம் 120, அதாவது நிமிஷத்துக்கு 120 அடி. தாளம் 4/4. தட்டுகளை வைக்கும் கட்டங்கள் ஒரு சுற்றுக்கு 16-ஆகப் பிரிந்திருந்தன. எல்லாத் தட்டுக்கும் வெலாசிட்டி, அதாவது தட்டின் வலு, ஒரே 100. மென்பொருள் திறந்தவுடன் எதைக் காட்டியதோ அதிலேயே உட்கார்ந்துவிட்டான். மின்னணு இசைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் பார்க்கிற தவறுகளில் முக்கால்வாசி இந்த ரகம்தான். யாரோ வசதிக்காக வைத்துவிட்டுப் போன எண்களுக்கு நாம் ஆடிக்கொண்டிருப்போம்.

குத்து திஸ்ர நடை. ஒரு அடிக்குள் 'தகிட' என்று 3 தட்டு. 16-ஆகப் பிரிந்த கட்டமோ சதுஸ்ரம். ஒரு அடிக்குள் 'தகதிமி' என்று 4 இடம்தான் தரும். மூன்று பேரை நாலு நாற்காலியில் சம இடைவெளியில் உட்காரவைக்க முடியாது, யாராவது ஒருவர் தள்ளித்தான் உட்கார வேண்டும். கட்டத்தை ட்ரிப்லெட்டுக்கு, அதாவது அடிக்கு மூன்றாகப் பிரிவதற்கு, மாற்றுங்கள், இல்லையென்றால் ப்ராஜெக்டையே 6/8-இல் தொடங்குங்கள். அதே தட்டுகளை அப்படி மாற்றிப் போட்டோம். பத்து நிமிஷ வேலை. அவன் தோள் தானாக அசைந்தது.

அடுத்தது வெலாசிட்டி. மிடியில், அதாவது எந்தச் சுரம், எவ்வளவு வலு என்ற குறிப்பை மட்டும் சேமிக்கும் முறையில், இது 1 முதல் 127 வரை போகும். பறை அடிக்கிறவர் கையைப் பாருங்கள்: ஒரு கையில் நீளமாக, மெல்லிசாகச் சிம்புக்குச்சி, மறு கையில் குட்டையாக, தடித்த அடிக்குச்சி. இரண்டும் ஒரே வலுவில் விழவே விழாது. அடிக்குச்சி விழும் இடங்களை 110-ஐ ஒட்டியும், சிம்பு விழும் இடங்களை 50, 60 என்று கலைத்தும் வைத்தாலே இயந்திர வாடை பாதி போய்விடும். இதற்குத் தனியாக ஒரு பிளக்-இன் (மென்பொருளோடு ஒட்டும் துணைக் கருவி) தேடி ராத்திரி 2 மணி வரை உட்கார்ந்திருந்தானாம். பாவம்.

சுருதியிலும் இதே கதைதான். வெள்ளைக் கட்டைகள் எளிது என்று எல்லாவற்றையும் சி-யில் போட்டு முடித்துவிட்டு, பாட வரும் தோழியிடம் கொடுப்பார்கள். அவளுக்குச் சுருதி 5 கட்டை, அதாவது ஜி. மிடியை நகர்த்திவிடலாம், சிக்கலில்லை. ஆனால் இறக்குமதி செய்த ஆடியோ லூப்புகளை, அதாவது திரும்பத் திரும்ப ஓடும் பதிவுத் துண்டுகளை, அவ்வளவு தூரம் நகர்த்தினால் சத்தம் கிழியும். பாடுகிறவரிடம் முதல் நாளே கட்டையைக் கேட்டுவிடுங்கள். சிந்தசைஸரில் கமகம் வரவில்லை என்று அலுத்துக்கொள்கிறவர்கள் பிட்ச் பெண்ட் அளவை, அதாவது சுரத்தை எவ்வளவு தூரம் வளைக்கலாம் என்பதை, பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது 2 அரைச்சுரத்தில் நிற்கும். 12-க்கு ஏற்றி, சிந்தசைஸரை ஒரு நேரத்தில் ஒரு சுரம் மட்டும் ஒலிக்கும் மோனோவாக்கி, சுரங்களை இழுத்து இணைக்கும் போர்ட்டமென்டோவைக் கொஞ்சம் திறந்தால் சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிப் போகும். உடனே தோடி வந்துவிடாது, ஆனால் ஆர்மோனியப் படிக்கட்டிலிருந்து இறங்கிவிடலாம்.

சாமான் வாங்கும் தவறை மட்டும் அடுத்தவர் தலையில் போட முடியாது, அது என்னுடையது. வேளச்சேரியில் பத்துக்குப் பத்து வாடகை அறை. முதல் சம்பளத்தில் 8 அங்குல ஸ்டூடியோ மானிட்டர் ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்கி, இடம் இல்லாமல் மூலையில் வைத்தேன். அந்த அளவு அறையில் எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே 56 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஓர் அலை தேங்கி நிற்கும். கிக் டிரம்மும் பேஸும் குடியிருக்கும் இடமே அதுதான். சுவரை ஒட்டி உட்கார்ந்தால் பேஸ் வீங்கும், நட்ட நடுவில் உட்கார்ந்தால் காணாமல் போகும். நான் சுவரை ஒட்டி உட்கார்ந்து, வீங்கிய பேஸைக் குறைத்துக்கொண்டே போனேன். நண்பன் காரில் போட்டபோது அந்தப் பாட்டில் எலும்புதான் மிச்சம். மேல் வீட்டு மாமிக்கு மட்டும் பேஸ் நன்றாகக் கேட்டிருக்கிறது. இரண்டு முறை இறங்கி வந்து சொன்னார்.

அறையைச் சரிசெய்ய முடியாதவர்களுக்கு வயர் உள்ள ஒரு நல்ல ஹெட்ஃபோன் போதும். ப்ளூடூத் வேண்டாம். அதில் விரல் பட்டதற்கும் சத்தத்துக்கும் நடுவே பெரும்பாலும் 100 மில்லிசெகண்டுக்கு மேல் ஓடிவிடும். அந்தத் தாமதத்தோடு தாளம் வாசிக்க யாராலும் முடியாது. வயர் போட்ட பிறகும் தாமதம் இருந்தால் பஃபரை, அதாவது கணினி ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் அளவை, பாருங்கள். செகண்டுக்கு 44,100 சாம்பிள் என்ற வேகத்தில் பஃபர் 1,024 என்றால் 23 மில்லிசெகண்ட், 128 என்றால் 3-க்குள். வாசிக்கும்போது குறையுங்கள், மிக்ஸ் செய்யும்போது ஏற்றுங்கள்.

மென்பொருளுக்கு நண்பனின் பென் டிரைவில் வரும் கிராக் (பூட்டு உடைத்த திருட்டுப் பதிப்பு) தேவையே இல்லை. ரீப்பர் என்ற இசை மென்பொருளை 60 நாள் முழுசாக ஓட்டிப் பார்க்கலாம், அதே ரகமான எல்எம்எம்எஸ் இலவசம், வைட்டல் சிந்தசைஸரின் இலவசப் பதிப்பே ஒரு வருஷத்துக்குத் தாங்கும். எஃப்எல் ஸ்டூடியோ சோதனைப் பதிப்பு எடுத்தால் ஒன்றைத் தெரிந்துகொண்டு எடுங்கள்: சேமித்த ப்ராஜெக்டை, காசு கட்டும் வரை, மறுபடி திறக்க முடியாது. அக்கா மகன் இதைத் தெரிந்துகொண்டது சேமித்த பிறகு.

அவனிடம் 40-க்கும் மேல் ஃபைல்கள் இருந்தன. எல்லாமே 8 பார், அதாவது 8 தாளச் சுற்று. எட்டு பார் லூப் ஒரு போதை. ஒவ்வொரு சுற்றுக்கும் இன்னும் ஒரு சத்தத்தை ஏற்றத் தோன்றும், அடுத்த இடத்துக்குப் போகவே தோன்றாது. நான் சொன்ன வைத்தியம்: இருப்பதை 12 முறை நகலெடு. 120 வேகத்தில், 4/4-இல், 96 பார், 3 நிமிஷம் 12 செகண்ட். இனி எதையும் சேர்க்காதே, அழி. முதல் 8 பாரில் பறை மட்டும் இருக்கட்டும், நடுவில் கிக்கை எடுத்துவிடு. சாயங்காலத்துக்குள் பாட்டு மாதிரி ஒன்று வந்துவிட்டது.

உடனே மொத்தப் பாட்டும் கடைசியாகப் போகும் மாஸ்டரில், உச்சத்தை அமுக்கிப் பாட்டை உரக்கக் காட்டும் லிமிட்டரைப் போட்டு முறுக்கப் போனான், கையைத் தட்டிவிட்டேன். ஸ்பாட்டிஃபை பெரும்பாலும் -14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் உரப்பின் அளவு) பக்கம் இறக்கித்தான் ஒலிக்கும். முறுக்கியதில் அடி தட்டையானதுதான் மிஞ்சும்.

கடைசியாக, சமையலறையில் இருந்த அக்காவின் போனில் போட்டோம். "என்னடா, மேளமே கேக்கல?" என்றாள். கிக் 50 ஹெர்ட்ஸில் இருந்தது. போன் ஸ்பீக்கருக்கு அது எட்டாது. கிக்கில் கொஞ்சம் சாச்சுரேஷன், அதாவது லேசான ஒலிச் சிதைவு, ஏற்றியதும் 100, 150, 200 என்று மேலே கிளைகள் முளைத்தன. மறுபடி போட்டோம். அக்கா கரண்டியைக் கீழே வைக்கவில்லை, ஆனால் குக்கர் மூடியில் தாளம் தட்ட ஆரம்பித்தாள், திஸ்ரத்தில்.