ஒரு சட்டைக்கு இருபத்தைந்து ரூபாய், வருடத்துக்கு ஒரு கிணறு

தேன்கனிக்கோட்டையில் என் வீட்டு முன்னறையில் நான்கு தையல் மெஷின் ஓடுகிறது. பள்ளிச் சீருடை, ஜாக்கெட், சேலைக்கு ஃபால்ஸ் என்று பதினைந்து வருடம் ஓட்டினேன். இப்போது ஐந்தாவது வருடமாக, நம் காட்டு விலங்குகளின் படம் போட்ட பருத்தி டிசர்ட்டும் பிள்ளைகள் கவுனும் தைத்து விற்கிறோம். ஒவ்வொரு உருப்படியிலும் 25 ரூபாய் எடுத்து வைத்து, காட்டை ஒட்டிய நிலங்களில் திறந்து கிடக்கும் கிணறுகளுக்கு, விலங்குகள் உள்ளே விழாமலிருக்கச் சுற்றுச்சுவர் கட்டுகிறோம். இதுவரை இரண்டு கிணறு. “அக்கா, நாங்களும் இப்படி ஏதாவது செய்யலாம்னு பார்க்கிறோம், எங்கே ஆரம்பிக்கிறது?” என்று ஓசூரிலும் பாலக்கோட்டிலும் தையற்கடை வைத்திருப்பவர்கள் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் அரை மணி நேரம் பேசிப் பேசித் தொண்டை போய்விட்டது. எழுதியே வைத்துவிடுகிறேன்.

முதலில் பணம். “லாபத்தில் பத்து சதவீதம் வன உயிர்களுக்கு” என்று அட்டை அடித்து மாட்டிவிடாதீர்கள். நான் மாட்டினேன். அந்த வருடம் லாபமே இல்லை. பிரிண்ட் போட்டுக் கொடுத்த இடத்தில் மையைச் சரியாகச் சூடு காட்டாமல் அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது துவையலிலேயே யானையின் தும்பிக்கை உரிந்துவிட்டது. எழுபது சட்டைக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். வருடக் கடைசியில் பெங்களூரிலிருந்து ஒரு அம்மா, “பத்து சதவீதம் எவ்வளவு வந்தது, எதற்குக் கொடுத்தீர்கள்?” என்று கேட்டார். நல்ல மனதோடுதான் கேட்டார். பத்து சதவீதம் சைபர் என்று எப்படிச் சொல்ல? லாபம் என்பது கரண்ட் பில், ரிப்பேர், வராத பாக்கி எல்லாம் தின்றது போக மிஞ்சுவது. அந்த மிச்சத்தில்தான் யானைக்குப் பங்கு என்றால் யானை பட்டினிதான்.

அதனால் துணி, நூல் மாதிரி அதையும் ஒரு செலவாக விலையிலேயே சேருங்கள். எங்கள் கணக்கு இது: பெரியவர் டிசர்ட் ஒன்றுக்குத் துணி 115 ரூபாய். திருப்பூரிலிருந்து வரும் 180 ஜிஎஸ்எம் கனமுள்ள பருத்தி, ஒரு கிலோவில் நான்கு சட்டை வெட்டலாம். வெட்டுக்கூலியும் தையல்கூலியும் 45, பிரிண்ட் 40, லேபிள், அட்டை, பேப்பர் உறை 15. ஆக 215. கரண்ட், ஊசி நூல், வீணாகிற உருப்படி, என் சம்பளம் எல்லாவற்றுக்கும் 100. கிணற்றுக்கு 25. மொத்தம் 340, அதற்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி 17. சில்லறைத் தொல்லை வேண்டாம் என்று 360-க்கு விற்கிறேன். உங்கள் சம்பளத்தை அந்த 100-க்குள் மறக்காமல் போடுங்கள். “புண்ணியத்துக்குத்தானே செய்கிறோம்” என்று அதை விட்டுவிட்ட இரண்டு பேரை எனக்குத் தெரியும். இரண்டு கடையும் இப்போது இல்லை.

வரி விஷயம் கொஞ்சம். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையுள்ள ஆடைக்கு 5 சதவீதம்தான். தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்றால் வருட விற்பனை 40 லட்சம் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு வேண்டாம். ஆனால் ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளிக்கு ஒரே ஒரு சட்டை விற்றாலும் அது வெளிமாநில விற்பனை, பதிவு வேண்டும். நம் வாடிக்கையாளர் பாதிப் பேர் அந்தப் பக்கம்தான், ஆகையால் முதலிலேயே எடுத்துவிடுங்கள். அந்த 25 ரூபாய்க்கும் சேர்த்துத்தான் வரி. அதை மட்டும் நன்கொடை என்று பில்லில் பிரித்துக் காட்டும் வேலையெல்லாம் வேண்டாம்.

எடுத்து வைக்கிற பணம் கடைக் கணக்கில் இருக்கவே கூடாது. எனக்குத் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு இருக்கிறது, அதற்கு ஏடிஎம் கார்டே வாங்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் பில் புத்தகத்தைப் பார்த்து, அந்த வாரம் போன உருப்படியை எண்ணி, 25-ஆல் பெருக்கி மாற்றிவிடுவேன். 45 உருப்படி போனால் 1,125 ரூபாய். எங்களுக்குச் சராசரியாக மாதம் 180 போகிறது: 4,500. வருடத்துக்கு 54,000. இந்தத் தொகையைப் பார்த்துச் சிலருக்கு முகம் சுருங்கும். ஆனால் இது ஒரு கிணற்றுக்குப் போதும், கிட்டத்தட்ட.

எந்த வேலைக்குக் கொடுப்பது என்பதில்தான் நான் ஒரு வருடம் வீணாக்கினேன். இரண்டாம் வருடம் இருநூறு மரக்கன்று வாங்கி ரோட்டோரம் நட்டோம், போட்டோ எடுத்தோம். மூன்றே வாரத்தில் ஆடுகள் மொத்தமாக முடித்துவிட்டன. யாரைச் சொல்லி என்ன, ஆடு மேய்கிற ஊரில் வேலி போடாமல் கன்று நட்டது நான்தான்.

பெரிய காடு நம் கைக்கு அடங்குகிற காரியமில்லை. 2014-இல் காவேரி வடக்கு வன உயிரின சரணாலயம், 2022-இல் காவேரி தெற்கு என்று நம் கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டக் காடுகளில் இரண்டு சரணாலயங்கள் வந்துவிட்டன. உள்ளே நடக்கிற வேலை வனத்துறையுடையது. அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் கால் வைத்தாலே வழக்கு. நாம் செய்யக்கூடியது காட்டெல்லைக்கு இந்தப் பக்கம், பட்டா நிலத்தில் இருக்கிறது.

ஐப்பசி, கார்த்திகையில் கர்நாடகத்தின் பன்னேர்கட்டா காட்டுப் பக்கமிருந்து யானைகள் ஜவளகிரி வழியாக இறங்கிவிடும். அதே சமயத்தில்தான் ராகி பால் பிடிக்கும். ஆண்கள் பரண் மேல் உட்கார்ந்து ராத்திரி முழுக்கத் தகரம் தட்டுவார்கள். விரட்டப்படுகிற யானை இருட்டில் எந்தப் பக்கம் ஓடும் என்று யாருக்கும் தெரியாது. 2020 நவம்பரில் பஞ்சப்பள்ளி பக்கம் ஒரு விவசாயக் கிணற்றில் யானை விழுந்து, மயக்க ஊசி போட்டு, கிரேன் வைத்துத் தூக்கினார்கள். அது பிழைத்தது. மானும் காட்டுப்பன்றியும் விழுந்தால் கிரேன் வருவதில்லை, நாற்றம் வந்த பிறகுதான் தெரியும். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றில் ஊர்ப் பிள்ளைகளும் விழுகிறார்கள், மாடும் விழுகிறது. அதனால் விவசாயியிடம் போய், “யானைக்காகக் கட்டுகிறோம்” என்று ஆரம்பிக்காதீர்கள். ராகியை யானைக்குப் பறிகொடுத்தவரிடம் அந்தப் பேச்சு எடுபடாது. மாட்டை வைத்துப் பேசுங்கள்.

மின்வேலி போட உதவி கேட்டும் வருவார்கள். ஒரு பைசா கொடுக்காதீர்கள். 2023 மார்ச்சில் மாரண்டஹள்ளி பக்கம் திருட்டு மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன. கூட இருந்த இரண்டு குட்டிகள் தாயைச் சுற்றிச் சுற்றி வந்ததை இந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை.

எந்தக் கிணறு என்று நாமே முடிவு செய்யக்கூடாது. வனச்சரக அலுவலகத்தில் ஒரு கடிதம் கொடுங்கள்: நாங்கள் இன்னார், காட்டை ஒட்டிய பட்டா நிலத்தில் ஒரு கிணற்றுக்குச் சுவர் கட்ட இவ்வளவு பணம் வைத்திருக்கிறோம், எங்கே தேவை அதிகம் என்று சொல்லுங்கள். அவ்வளவுதான். யானை வருகிற தடம் வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்குத் தலைகீழாகத் தெரியும். எங்களுக்கு ஒரு காவலர் ஐந்து கிணறு காட்டினார். ஒன்றில் உன்னிச்செடி விளிம்புவரை மூடியிருந்தது. பக்கத்தில் போய் அவர் என் கையைப் பிடித்து நிறுத்தும்வரை அங்கே கிணறு இருப்பதே எனக்குத் தெரியவில்லை. அதுதான் எங்கள் முதல் கிணறு.

அப்புறம் கையெழுத்து. இங்கே பாதிக் கிணறு கூட்டுக் கிணறு. அண்ணன் தம்பி, சித்தப்பா மகன் என்று நான்கு பங்கு இருக்கும், அதில் இரண்டு பங்காளிகள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருப்பார்கள். எல்லாரும் சம்மதம் எழுதிக் கொடுத்த பிறகுதான் செங்கல் இறக்க வேண்டும். எங்கள் முதல் கிணறு எட்டு மாதம் தள்ளிப்போனது ஒரே ஒரு கையெழுத்துக்காக. அவர் கன்னடத்தில் பேசுவார், எனக்குக் கன்னடம் அரைகுறை. கடைசியில் அவர் பேத்திக்கு அளவெடுக்கப் போன இடத்தில் அவர் சம்சாரம்தான் பேசி வாங்கிக் கொடுத்தார்.

கட்டுவது பற்றி மேஸ்திரி சொல்லிக் கொடுத்தது. ராகி அறுவடை முடிந்து, மாசி பங்குனியில் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். அப்போது யானைக் கூட்டம் பெரும்பாலும் திரும்பியிருக்கும், கிணற்று விளிம்பு மண்ணும் காய்ந்திருக்கும். சுவரைக் கிணற்று விளிம்பிலேயே எழுப்பக்கூடாது, மழையில் மண் சரிந்தால் சுவரும் சேர்ந்து உள்ளே போகும். மூன்றடி தள்ளித்தான் அஸ்திவாரம். இதில் கணக்கு மாறும், கவனியுங்கள். முப்பதடி அகலமுள்ள வட்டக் கிணறு என்றால், இரண்டு பக்கமும் மூன்றடி தள்ளி முப்பத்தாறு அடி. சுவர் நீளம் 94 அடி என்று நான் போட்டு வைத்திருந்தேன், வந்தது 113 அடி. உயரம் நான்கடி. சைஸ் கல் அந்த நிலத்திலேயே கிடந்ததால் அஸ்திவாரத்துக்குக் கல் செலவில்லை. அதற்கு மேல் சாலிட் பிளாக், சிமெண்ட், எம்-சாண்ட், கூலி, டிராக்டர் வாடகை எல்லாம் சேர்த்து 58,400 ரூபாய். எங்களிடம் இருந்தது 54,000. மிச்சத்தை விவசாயி போட்டார். அவர் போட்டதுதான் நல்லது, இப்போது சுவரில் விரிசல் வந்தால் அவரே பூசிவிடுகிறார்.

ஒரு இடத்தில் மட்டும் மேஸ்திரியோடு சண்டை. பழைய கிணறுகளில் மாடு கட்டிக் கவலையில் தண்ணீர் இறைத்த பக்கம், மாடு இறங்கி ஏறச் சரிவு இருக்கும். மோட்டார் பைப்பு அந்த வழியாகத்தான் போகிறது என்று அங்கே எட்டடி இடைவெளி விட்டுவிட்டார். யானையும் பன்றியும் வருகிற சரிவே அதுதான். பைப்புக்கு ஒரு சாண் ஓட்டை விட்டு மூடச் சொன்னேன். ஆள் இறங்கும் வழியை வீட்டுப் பக்கம் வைத்து இரும்புக் கதவு போட்டோம். கட்டி முடித்த பிறகு ஏழு நாள் காலையும் மாலையும் சுவரை நனைக்கும் பொறுப்பை ஒரு ஆள் பெயரைச் சொல்லி ஒப்படையுங்கள். “நாங்க பார்த்துக்கிறோம்” என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

இனிச் சட்டை. சிங்கமும் பாண்டாவும் வேண்டாம், அவை எல்லாக் கடையிலும் தொங்குகின்றன. நம்மிடம் சாம்பல் நிற அணில் இருக்கிறது, காவேரியில் நீர்நாய் இருக்கிறது, நாற்கொம்பு மான் இருக்கிறது. அணில் சட்டைதான் எங்களுக்கு அதிகம் போகிறது. இணையத்தில் கிடைக்கும் போட்டோவை எடுத்துப் பிரிண்ட் போடாதீர்கள். எங்களுக்கு வரைந்து கொடுப்பவர் ஒரு ஓவிய ஆசிரியர், படத்துக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்து எழுதி வாங்கிக்கொள்கிறோம். வனத்துறை முத்திரையையும் தொடக்கூடாது. புதுப் பிரிண்ட் வந்ததும் ஒரு சட்டையை நம் போர்த் தண்ணீரில், கல்லில் அடித்து ஐந்து முறை துவைத்துக் காயப்போட்டுப் பாருங்கள். தும்பிக்கை நின்றால் மட்டும் மீதியை அடிக்கச் சொல்லுங்கள். பர்கூரில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ரெடிமேட் சட்டை வாங்கி வந்து பிரிண்ட் மட்டும் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு சட்டையும் ஒவ்வொரு விதமாக இருந்தது, விட்டுவிட்டேன். வெட்டுத்துண்டில் பை தைத்து அதிலேயே சட்டையைக் கொடுக்கிறோம். பிளாஸ்டிக் கவர் காட்டோரம் பறந்து போய் மானின் வயிற்றுக்குள் போகிற ஊர் இது.

அட்டையில் நாங்கள் அடிப்பது ஒரே வரி: “இந்தச் சட்டையில் 25 ரூபாய் மூன்றாவது கிணற்றுக்கு.” வருடத்துக்கு ஒரு முறை, விற்ற எண்ணிக்கை, சேர்ந்த தொகை, சிமெண்ட் கடை பில் உட்பட எல்லாச் செலவும் ஒரே தாளில் எழுதி வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிவிடுவேன். விவசாயி பெயரும் கிணறு இருக்கும் இடமும் அதில் இருக்காது. விலங்கு நடமாடும் இடத்தை ஊருக்கெல்லாம் சொல்வது வேட்டைக்காரனுக்கு வழி காட்டுகிற வேலை.

“சட்டை வேண்டாம், பணம் மட்டும் அனுப்புகிறேன்” என்பவர்களிடம் நான் வாங்குவதில்லை. நாம் கடைக்காரர்கள், டிரஸ்ட் இல்லை. அதுவும் வெளிநாட்டிலிருந்து என்றால் அதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது. கிணறு கட்டாமல் ஏதாவது அறக்கட்டளைக்குக் கொடுப்பதானால், நன்கொடைக்கு வரிக்கழிவு கிடைக்க வழி செய்யும் 80ஜி பதிவு இருக்கிறதா என்று கேட்டு, வங்கி மூலமே அனுப்புங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிக்கழிவு கிடையாது. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு எப்படிக் கொடுத்தாலும் கிடையாது.

மூன்றாவது கிணறு சதுரக் கிணறு, ஐந்து பங்காளிகள். நான்கு கையெழுத்து வந்துவிட்டது. ஐந்தாமவர் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகிறார், ஞாயிற்றுக்கிழமைதான் ஊருக்கு வருவார். அவர் மகனுக்கு நீர்நாய் சட்டை ஒன்று தைத்து வைத்திருக்கிறேன்.